பின்வாசல் இல்லாத முகவரி

வாளியிலிருந்து போர்வையை எடுத்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள் டைப்பக்கா. இரண்டு வீட்டுத் துணியும் அவள் தலையில் விழுந்து இன்றோடு பத்து நாள். தம்பி மனைவிக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களால் கிளிப்பைப் பிடிக்கலாம், போர்வையைப் பிழிய முடியாது. அதனால் அக்கா பிழிவாள்; தம்பி மனைவி வாயில் நாலு கிளிப்பைக் கவ்விக்கொண்டு பக்கத்தில் நின்று, கை நீட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள்.

“அதை வாய்ல வச்சுக்கிட்டுப் பேசாதே. பல்லுக் கட்டின மாதிரி இருக்கு.”

“நான் பேசவே இல்லையே அண்ணி.”

“இப்பப் பேசினது யாரு, போர்வையா?”

தம்பி மனைவி சிரித்தாள். ஒரு கிளிப் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்.

“இன்னைக்குத்தானே கோர்ட்டு?”

“பதினோரு மணிக்கு.”

“உங்க தம்பிய விட்டுருவாங்களா?”

“விட்டுருவாங்க. முதல் கேஸு. பத்து நாளும் ஆயிடுச்சு.”

மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாகக் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த வானிலை தெரியும். தம்பி மனைவி போர்வையின் ஒரு முனையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

“விட்டா, எங்க இருப்பாரு அண்ணி?”

“வேற முகவரிலதான். அப்படித்தான் மனு போட்டிருக்கு. நம்ம...”

அங்கே நின்றுவிட்டது அவள் வாய். போர்வையின் இந்த முனை அவள் கையில். அந்த முனை தம்பி மனைவி கையில். கொடியின் ஒரு கோடி அவள் வீட்டுப் பின்சுவர் ஆணியில். மறு கோடி தம்பி வீட்டுப் பின்கதவுக்கு மேலே உள்ள கொக்கியில்.

“எங்கண்ணி?”

“பாக்கலாம். நீ அந்த முனைய நல்லா இழு.”

இதை அவள் நேற்றே பார்த்திருக்க வேண்டும். ஆனால் முகவரி என்றால் யாருக்கும் முன்வாசல்தான் ஞாபகம் வரும். அவள் வீடு தபால் நிலையத் தெருவில். தம்பி வீடு பள்ளிக்கூடத் தெருவில். தபால்காரர் வேறு, குப்பை வண்டி வேறு, ஓட்டுச்சாவடிகூட வேறு. முன்வாசலிலிருந்து முன்வாசலுக்குப் போக வேண்டுமென்றால் பேக்கரி முக்கைச் சுற்றி ஏழு நிமிடம் நடக்க வேண்டும். வீட்டு ஆட்கள் யாரும் அந்த ஏழு நிமிடத்தை நடந்ததே இல்லை. முதல் வீட்டை வாங்கிய அப்பா, பின்பக்கத்து வீடும் விலைக்கு வந்தபோது அதையும் வாங்கி, நடுவிலிருந்த மதிலை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் கண்ணை மூடினார். இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே பதினோரு அடி. சர்க்கரை தீர்ந்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வரும் தூரம்.

நேற்று அவளே அடித்தாள்: ‘மனுதாரர் தற்போதைய முகவரிக்குச் செல்லாமல், தபால் நிலையத் தெருவில் உள்ள தன் மூத்த சகோதரியின் வீட்டில் தங்கியிருப்பார்.’ மூன்று பிரதி எடுத்தாள். பின் குத்தினாள். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டாள்.

இன்று சாயங்காலம் தம்பி வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனால், தம்பி மனைவி துவைக்கும் கல்லருகே நிற்பாள். அவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சட்டப்படி அவன் இருக்க வேண்டிய வீட்டில் இருப்பான்.

கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒரு கதவு அகலம்தான் அவள் கடை. தட்டச்சு இயந்திரத்தில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தவள். ஆனால் விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. இயந்திரத்தைக் குத்திய வேகத்திலேயே கீபோர்டையும் குத்துவாள். வருடத்துக்கு ஒரு கீபோர்டு செத்துப்போகும். “உங்கப்பன் வீட்டுல உரலு இடிச்ச கையா?” என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். “நானாவது ஏறி இறங்கி ஆளை மேல கொண்டு போறேன். இவ உக்காந்த இடத்துலேர்ந்தே உள்ள இருக்கறவனை வெளிய கொண்டாந்துடறா” என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார். அதில் பெருமையும் உண்டு.

எந்த நீதிபதிக்குச் சின்ன எழுத்து பிடிக்காது, யார் ஓரத்தில் நிறைய இடம் விடச் சொல்வார், எந்த வக்கீல் தேதியைத் தப்பாகச் சொல்வார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வக்கீல்கள் பாதிதான் சொல்வார்கள். மீதியை அவளே போட்டுக்கொள்வாள். மனுதாரர் அப்பாவி, புகார் பொய், குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவரே, தலைமறைவாக மாட்டார், சாட்சிகளைக் கலைக்க மாட்டார். ஜாமீன் மனுவில் இந்த ஐந்து பத்தியும் எல்லா ஊரிலும் எல்லாரும் அடிப்பதுதான். ஆறாம் பத்தி அவள் சொந்தச் சரக்கு.

பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு கேஸ். மனைவியை அடித்து உள்ளே போனவன். ரெண்டு பேருக்கும் ஒரே வீடு என்பதால் மூன்று தடவை மனு தள்ளுபடி. நாலாவது தடவை வக்கீல் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தார். டைப்பக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள், “இவருக்கு அக்கா தங்கச்சி யாருமே இல்லையா சார்?” இருந்தாள். அக்கா வீட்டு முகவரியைப் போட்டு நாலு வரி எழுதினாள். மறுநாளே ஜாமீன். அன்றிலிருந்து வீட்டுச் சண்டைக் கேஸ் எது வந்தாலும் வக்கீல்கள் வாசலிலேயே நின்று, “அக்கா, ஆறாம் பத்தி!” என்று குரல் கொடுப்பார்கள். ஹோட்டலில் இன்னொரு டீ சொல்கிற மாதிரி.

வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கடையில் மனு உள்ளே வரும், வெளியே போகும். மனிதர்கள் கதை அதோடு சரி. ஒரே ஒரு தடவை மட்டும், புகார் அடிக்க வந்த ஒருத்தி கணவன் பெயரைச் சொன்னபோது விரல் தானாக நின்றது. மூன்று வாரத்துக்கு முன் அதே பெயரை அடித்திருந்தாள். அண்ணன் வீட்டில் தங்கியிருப்பார் என்று. அண்ணன் வீடு நாலு வாசல் தள்ளி இருந்தது. அந்தப் பெண் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கமாகப் போட்டிருந்தாள், வெயில் காலம். டைப்பக்கா புகாரை அடித்துக் கொடுத்தாள், கூடுதலாக ஒரு பிரதி எடுத்துக் கையில் திணித்தாள், அன்று சீக்கிரமே கடையைச் சாத்தினாள். மறுநாள் வழக்கம்போலத் திறந்தாள். ஆறாம் பத்தியும் வழக்கம்போல ஓடியது.

தம்பி அவளுக்கு எட்டு வயது இளையவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிடத்தில் அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவான். கிழவர்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பான், குழந்தைகளுக்குப் பூட்டிய சைக்கிளைத் திறந்து கொடுப்பான். தன் வீட்டுக்குள் மட்டும் மனைவிமேல் கை நீளும். நீண்ட பிறகு ரொம்ப வருத்தப்படுவான். வருத்தப்பட்டதை எல்லாரிடமும் சொல்லுவான். கேட்கிறவர்கள் அவனுக்குத்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று எழுதியதால் போலீஸ் வந்துவிட்டது. அம்மா தன் கணக்கில் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

“கதவு காத்துல அடிச்சுது. இவ கைய நடுவுல வச்சா.”

“அந்தக் காத்துக்கு நாலு வருஷமா இதே வேலையா அத்தை?” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

“நீங்க சும்மா இருங்க மாப்ள. பெத்த வயிறு எரியுது.”

அம்மா பெண்ணோடுதான் இருந்தாள். மகன் உள்ளே போனதிலிருந்து சாப்பிடவில்லை என்று வீடு தேடி வருகிறவர்களுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் டப்பா மட்டும் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. காலையும் மாலையும் ஒரே பல்லவி. “ஊரான் வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் வெளிய கொண்டாந்தியே, கூடப் பொறந்தவன் கண்ணுக்குத் தெரியலையா?”

அதனால்தான் நேற்று குடை வக்கீல் வந்து நின்றபோது டைப்பக்கா எதையும் யோசிக்கவில்லை. அவர் வெயிலோ மழையோ குடையில்லாமல் வரமாட்டார். இதுவரை அதை விரித்துப் பார்த்தவர் யாருமில்லை.

“நான் சொல்லவே வேணாம்க்கா. உங்களுக்கே தெரியும். ஆறாம் பத்தியப் போட்டுருங்க.”

“யார் வீடு சார்?”

“உங்க வீடுதான்! கூடப் பொறந்த அக்கா, அதுவும் இந்தக் கோர்ட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச அக்கா. ஜட்ஜம்மா கண்ண மூடிக்கிட்டு ஜாமீன் கொடுப்பாங்க.”

விரல்கள் அடித்துவிட்டன. அவை பழகிய பாதை அது.

இப்போது போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டு வாசலில் குடை வக்கீலைப் பிடித்தாள்.

“சார், முகவரிய மாத்தணும்.”

“எந்த முகவரி?”

“என் முகவரி. ரெண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒண்ணு சார். நடுவுல சுவர் இல்ல.”

வக்கீல் குடையைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்தார். “இதை இப்பச் சொல்றீங்க. மனுவுக்கு நம்பர் போட்டாச்சு. மாத்தினா இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும். உங்க அம்மா என்னைச் சும்மா விடுவாங்களா? ரெண்டும் வேற வேற தெரு. நாம எங்கயாவது பொய் எழுதினோமா?”

“பொய் எழுதல சார். எழுதியிருந்தா அழிச்சிருப்பேன்.”

“அப்புறம் என்னக்கா? அவங்களா கேட்டாச் சொல்லிக்கலாம். கேட்க மாட்டாங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. யாரும் கேட்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். கோர்ட்டுக்குள் பின் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மகன் வந்ததும் கொடுக்கத் தண்ணீர் பாட்டில் மடியில். பத்தே முக்காலுக்கு அவனைக் கொண்டு வந்தார்கள். டைப்பக்கா துவைத்து அனுப்பிய நீலச் சட்டை. அவளைப் பார்த்ததும் புருவத்தை இரண்டு தடவை உயர்த்தினான். சின்ன வயதில் மிட்டாய் எங்கே என்று கேட்பது அப்படித்தான்.

நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மனுவைப் புரட்டினார். முதல் ஐந்து பத்திகளில் பக்கம் நிற்கவே இல்லை. ஆறில் நின்றது.

“அக்கா வீட்டில் தங்குவார். தெரு வேறு. அரசுத் தரப்பு என்ன சொல்றீங்க?”

அரசு வக்கீல் கையில் அன்றைக்கு முப்பது கேஸ் கட்டு. “கடுமையான ஆட்சேபம் இல்லை மேடம். நிபந்தனையோட கொடுக்கலாம்.”

“அக்கா வந்திருக்காங்களா?”

டைப்பக்கா கூண்டில் ஏறினாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கூண்டுக்கு எத்தனையோ பேரைத் தயார் செய்திருக்கிறாள். தான் ஏறுவது இதுதான் முதல் தடவை. கம்பி எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“உங்க வீட்டில வச்சுக்கச் சம்மதமா?”

“என் தம்பிதான் மேடம்.”

“மனைவி இருக்கற வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?”

“முன்வாசல் வழியா ஏழு நிமிஷம் மேடம்.”

குடை வக்கீல் தலையாட்டினார். பெஞ்ச் கிளார்க் எழுத ஆரம்பித்துவிட்டார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. இதோடு இறங்கிவிடலாம். அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். காலையில் தம்பி மனைவி கேட்டாள், எங்கண்ணி என்று. பத்து நாளில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள், அதற்கும் ‘பாக்கலாம்’ என்று பதில்.

“பின்வாசல் வழியாப் பதினோரு அடி” என்றாள் டைப்பக்கா.

பேனா நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“ரெண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒண்ணு மேடம். நடுவுல மதில் கிடையாது. ஒரே துணிக்கொடி. நான் ஒரு பக்கம் கட்டுவேன், அவ ஒரு பக்கம் கட்டுவா.”

நீதிபதி மனுவைத் திருப்பிப் பார்த்தார். “இதுல தெரு வேறுன்னு போட்டிருக்கு.”

“தெரு வேறதான் மேடம்.”

“யார் இதை டைப் பண்ணது?”

“நான்தான் மேடம்.”

கோர்ட்டில் ஒரு சிரிப்பு எழுந்தது. பக்கத்து வரிசை வக்கீல்கள்தான் அதிகம் சிரித்தார்கள். எல்லாரும் அவள் கடை வாடிக்கைக்காரர்கள். நீதிபதியின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது.

“நீங்களே டைப் பண்ணி நீங்களே எதிர்க்கறீங்களா?”

“எதிர்க்கல மேடம். அவன் வெளிய வரட்டும். முகவரி தப்பு. திருத்திக் கொடுங்கன்னு கேக்கறேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அரசு வக்கீலைப் பார்த்தார். “அந்தப் பொண்ணுகிட்ட யாராவது பேசினீங்களா?”

அரசு வக்கீல் முப்பது கட்டையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“மூணு மணிக்கு எடுத்துக்கறேன். அவங்களை வரச் சொல்லுங்க.”

கீழே இறக்கி அழைத்துப்போகும்போது தம்பி அவள் பக்கமாகத்தான் போனான். முகத்தில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டே, “வெளிய வந்து பேசிக்கறேன்க்கா” என்றான். எல்லாரும் சொல்கிற சாதாரண வாக்கியம். புகார்களில் மேற்கோள் குறிக்குள் இதே வாக்கியத்தை எத்தனை தடவை அடித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. காதால் கேட்டது இன்றுதான்.

நடுவில் கிடைத்த நேரத்தில் கடைக்குப் போய் ஆறாம் பத்தியைத் திறந்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘மேற்படி இரு வீடுகளுக்கும் இடையே பின்வாசல், மாடி, சந்து முதலிய எந்த வழியிலும் போக்குவரத்து இல்லை.’ பின்னால் வந்து எட்டிப் பார்த்த குடை வக்கீல் அலறினார்.

“என்னக்கா இது! இதைப் போட்டா யாருக்குமே ஜாமீன் கிடைக்காது.”

“கிடைக்கும் சார். கொஞ்சம் தள்ளிக் கிடைக்கும்.”

“நான் பழைய பத்தியவே போட்டுக்கறேன்.”

“போட்டுக்கங்க. வேற கடையில.”

மூன்று மணிக்குத் தம்பி மனைவி மாவுக்கட்டோடு வந்தாள். கூட்டி வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். எங்கேயோ ஒரு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே அவருக்காகக் காத்திருந்தது. நீதிபதி கேட்டார், “ஜாமீன்ல விடறதுல உங்களுக்கு என்ன சொல்ல இருக்கு?”

அவள் மாவுக்கட்டில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டாள்.

“வரட்டும்மா. உள்ளயே இருக்கணும்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாம வரக்கூடாது. நான் துணி காயப்போடற இடத்துக்கு வரக்கூடாது. போன் பண்ணி அழக்கூடாது.”

“அழக்கூடாதா?”

“அழுதா நான் கதவைத் திறந்துருவேன்மா.”

உத்தரவு அரைப்பக்கம் வந்தது. அம்மாவின் தம்பி, மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் மர அறுவை மில் வைத்திருக்கும் மாமா வீட்டில் அவன் தங்க வேண்டும். தினமும் அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்து. மனைவியை நேரிலோ போனிலோ ஆள் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது. விடுவிக்கும் முன் அவளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒரு ஜாமீன்தாரர் மாமா, இன்னொருவர் அக்கா. மாமா நாளை மறுநாள்தான் வர முடியும் என்றார் போனில். அதுவரை அவன் உள்ளே. அக்கா தன் கையெழுத்தை அப்போதே போட்டாள். அமுக்கிப் போட்டதில் காகிதம் கிழியப் பார்த்தது.

“ரெண்டு நாள்!” என்றாள் அம்மா, பஸ்ஸில் வரும் வழி முழுவதும். “உன் வாயால என் பிள்ளைக்கு ரெண்டு நாள்.”

சாயங்காலம் லிஃப்ட் மெக்கானிக் ஒரு தாழ்ப்பாளும் டிரில்லும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுப் பின்கதவுக்குப் போனார். “உள்பக்கமாப் போடறேன்மா. நாலு ஸ்க்ரூ. லிஃப்டையே தொங்க விட்டாலும் பிடுங்கிக்கிட்டு வராது.” தம்பி மனைவி கொஞ்ச நேரம் அவருக்கு ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்துவிட்டு, துணியை வாங்கிக்கொண்டு போக இந்தப் பக்கம் வந்தாள்.

சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் டைப்பக்கா துணி பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுத் துணி கட்டில்மேல். தம்பி வீட்டுத் துணி கூடையில். கொடியிலிருந்து எடுத்த கிளிப்புகளை வைக்க இடம் தேடாமல் வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். அம்மா நாற்காலியில், பிஸ்கட் டப்பாவை இப்போது ஒளிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

“போர்வை காஞ்சுருச்சா அண்ணி?”

டைப்பக்கா தலையை ஆட்டினாள்.

“வாய்ல கிளிப்ப வச்சுக்கிட்டுப் பேசக்கூடாதுன்னு எனக்குச் சொன்னீங்க.”

டைப்பக்கா கிளிப்போடே சிரித்தாள். தம்பி மனைவி குனிந்து, ஒற்றைக் கையால் துவாலையை மடித்துக் கூடையில் வைத்தாள். ஒற்றைக் கையால் மடிப்பதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மோவாயால் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள்.

“கை வலிக்குதாம்மா?” என்றாள் அம்மா. பத்து நாளில் மருமகளோடு பேசிய முதல் பேச்சு.

“ராத்திரிதான் கொஞ்சம் குடையுது அத்தை.”

“கட்டு எப்பப் பிரிப்பாங்க?”

“இன்னும் ஒரு மாசம்னு சொன்னாரு டாக்டர்.”

“ஒரு மாசம்.” அம்மா பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை மருமகள் பக்கம் நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள். “அதுக்குள்ள அவனும் ஆறிடுவான். அங்க மில்லுல தூசி. அவனுக்கு ஒத்துக்காது, சின்ன வயசிலேர்ந்தே மூச்சு இளைக்கும், உனக்கே தெரியும். தளர்வு மனுன்னு ஒண்ணு இருக்காமே. குடைக்காரர் சொன்னாரு. நிபந்தனையக் குறைக்கச் சொல்லிப் போடறது.”

டைப்பக்கா கையிலிருந்த சட்டையை மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் ஜாமீன் மனுவுக்கு அடுத்த கோப்பே அதுதான். நாலு பத்தி. வழக்கமாக ஒரு மாதத்தில் வந்து கேட்பார்கள்.

“நீ ஆட்சேபம் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம்” என்றாள் அம்மா. குரல் இப்போது கோர்ட்டில் இருந்த மாதிரி இல்லை. மெதுவாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரல். “நம்ம வீட்டு விஷயம். கட்டுப் பிரிச்ச அன்னைக்கே நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோம். போடுவேல்ல?”

பின்பக்கம் டிரில் சத்தம் நின்றது. டைப்பக்காவின் வாயில் இன்னும் மூன்று கிளிப் இருந்தன. அவற்றை எடுக்க அவள் கை பாதி தூரம் உயர்ந்து, அப்படியே நின்றது. கேள்வி அவளிடம் கேட்டதல்ல.

தம்பி மனைவி கடிக்காத பிஸ்கட் துண்டை அம்மாவின் நாற்காலிக் கைப்பிடிமேல் திருப்பி வைத்தாள். கடைசியாக இருந்த ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடினாள், போர்வைக்கு அடியில் கிடைத்தது, இரண்டையும் சேர்த்துச் சுருட்டினாள். கூடையை வலது இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மாவுக்கட்டுக் கையை அதன் மேல் வைத்து அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போனாள்.